ஃபோர்மட் அடிக்க முதல் ரேமைக் கேளுங்கோ

கொம்பியூட்டருக்குச் சுகமில்லை என்றால் எங்கட ஊரில் ஒரே மருந்துதான்: ஃபோர்மட். நீலத்திரை வந்தாலும் ஃபோர்மட், பிரவுசர் தானாக மூடினாலும் ஃபோர்மட், பாதி எழுதின அசைன்மென்ட் திறக்காட்டிலும் ஃபோர்மட். இரண்டு கிழமை நல்லாய் ஓடும். பிறகு அதே வருத்தம் திரும்ப வரும். அப்ப ‘வைரஸ்’ என்பார்கள். லினக்ஸ் போட்ட மெசின் என்றால் காரணம் தேடுகிற வேலையும் மிச்சம்: “உந்த லினக்ஸ் எல்லாம் எங்களுக்குச் சரிவராது தம்பி, பேசாமல் விண்டோஸைப் போடுங்கோ.”

இவ்வளவு நடந்தும் ஒருத்தரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கு. ரேம் நல்லாய் இருக்கோ?

கேட்க வழி இல்லாமல் இல்லை. கேட்கிறதுக்கென்றே எழுதப்பட்ட சுதந்திர மென்பொருள் ஒன்று இருபது வருசத்துக்கு மேலாக இருக்கிறது. ஒரு காலத்தில் லினக்ஸ் சீடியைப் போட்டவுடனே கண்ணுக்கு முன்னால் நின்றது. இப்போது அது பல மெசின்களில் இல்லை. இருக்கிற மெசின்களிலும் ஒளிந்துகொண்டு கிடக்கிறது. நான் சொல்ல வருவது இதுதான்: ஒவ்வொரு லினக்ஸ் மெசினின் பூட் மெனுவிலும் நினைவகச் சோதனை இருக்கவேணும், அந்த மெனு கண்ணுக்குத் தெரியவும் வேணும். இது கொம்பியூட்டர் பைத்தியங்களின் பொழுதுபோக்கு என்று நினைத்தால் கொஞ்சம் பொறுத்து வாசியுங்கோ. உங்கட காசும் உங்கட எழுத்தும் இதில் மாட்டுப்பட்டுக் கிடக்கு.

ஒரு பிட் சறுக்கினால்

ரேமில் ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு சின்னஞ்சிறு கொள்ளளவியும் ஒரு டிரான்சிஸ்டரும் இருக்கும். ஐபிஎம் நிறுவனத்தில் வேலை செய்த ரொபர்ட் டெனார்ட் 1968இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. கொள்ளளவியில் மின்னேற்றம் இருக்கோ இல்லையோ என்பதுதான் 1, 0. அந்த ஏற்றம் ஓட்டை வாளித் தண்ணீர் மாதிரி ஒழுகிக்கொண்டே இருக்கும். அதனால் வழக்கமாக 64 மில்லி செக்கனுக்கு ஒருக்கா எல்லாவற்றையும் வாசித்துத் திரும்ப நிரப்பவேணும். 8 ஜிபி ரேமில் இப்படி ஏறத்தாழ 6,870 கோடி வாளிகள் இருக்கின்றன. இத்தனை கோடியில் ஒன்று பலவீனமாக இருந்தாலே போதும்.

அந்த ஒரு பிட் யாரைக் கடிக்கும் என்பது அந்த நேரத்தில் அந்த இடத்தில் என்ன இருந்தது என்பதைப் பொறுத்தது. இன்றைக்குப் பிரவுசர் இருந்தால் பிரவுசர் விழும். நாளைக்கு இயங்குதளத்தின் கரு இருந்தால் முழு மெசினும் உறையும். நாளன்றைக்கு ஒரு படம் இருந்தால் படத்தில் ஒரு கோடு விழும், நீங்கள் கவனிக்கவும் மாட்டீர்கள். நோய் ஒன்று, அறிகுறி நூறு. அதனால்தான் எல்லாரும் மென்பொருளைச் சந்தேகிக்கிறார்கள். ஃபோர்மட் அடித்தால் இரண்டு கிழமை ஓடுவதற்குக் காரணமும் இதுதான். புதிதாகப் போட்ட இயங்குதளத்தில் நினைவகத்தின் பங்கீடு மாறும், வேலைப்பளுவும் குறைவாக இருக்கும், பழுதான இடம் கொஞ்ச நாள் முக்கியமான ஒன்றின் கையில் சிக்காது. மருந்து வேலை செய்தது மாதிரித் தெரியும். கடைக்காரருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. காசு மட்டும் இடம் மாறியிருக்கும்.

மெசின் விழுவதாவது பரவாயில்லை, விழுந்தால் ஏதோ பிழை என்று தெரியும். விழாமல் ஓடிக்கொண்டே பிழையாக எழுதுவதுதான் பயங்கரம். 2003இல் பெல்ஜியத்தில் பிரசெல்ஸின் ஸ்கார்பேக் பகுதியில் நடந்த இலத்திரனியல் வாக்களிப்பில் ஒரு வேட்பாளருக்கு 4,096 வாக்கு கூடுதலாக விழுந்தது. கிடைக்கவே முடியாத எண்ணிக்கை என்பதால் பிடிபட்டது. 4,096 என்பது இரண்டைப் பன்னிரண்டு தரம் பெருக்கினால் வரும் எண், அதாவது ஈரடி எண்முறையில் ஒரேயொரு பிட். அந்தப் பிட் தானாக மாறியிருக்கலாம் என்பதுதான் கிடைத்த விளக்கம். கிடைக்கக்கூடிய எண்ணிக்கையாக இருந்திருந்தால் யார் கண்டுபிடித்திருப்பார்கள்?

இதைத் தமிழுக்குக் கொண்டு வருவம். யுனிகோடில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண். ல 2994, ள 2995. ர 2992, ற 2993. ந 2984, ன 2985. இந்தச் சோடிகளை ஈரடியில் எழுதிப் பாருங்கள், கடைசி ஒரு பிட் மட்டும்தான் வித்தியாசம். அந்த ஒரு பிட் சறுக்கினால் புலி புளியாகும், கரை கறையாகும், அறம் அரமாகும். ஆங்கிலத்தில் ஒரு பிட் மாறினால் பெரும்பாலும் பார்த்தவுடனே தெரிகிற கோளாறாக இருக்கும். தமிழில் அது ஒரு எழுத்துப்பிழை மாதிரியே உட்கார்ந்திருக்கும். வாசிக்கிறவர் எழுதினவரைத்தான் திட்டுவார், “லகர ளகரம் தெரியாமல் எழுத வந்திட்டினம்” என்று. ரேமைத் திட்டமாட்டார்.

இலக்கங்கள் இன்னும் மோசம். 3 என்ற இலக்கம் 7 ஆவதற்கு ஒரே பிட் போதும். 1983 என்பது 1987 ஆகிவிடும். எங்கட வரலாற்றில் அந்த இரண்டு வருசமும் ஒன்றில்லை. ஆனால் இரண்டுமே நம்பக்கூடிய வருசங்கள், ஆகவே எந்த எழுத்துத் திருத்தியும் சிவப்புக் கோடு போடாது.

மெசின் ஒரு காலத்தில் வாய் திறந்து சொன்னது

இதெல்லாம் தவிர்க்கமுடியாத விதி என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். 1981இல் வந்த முதல் ஐபிஎம் பீசியில் ஒவ்வொரு எட்டு பிட்டுக்கும் ஒன்பதாவதாக ஒரு காவல் பிட் இருந்தது. கணக்குப் பிழைத்தால் மெசின் அந்த இடத்திலேயே நின்று ‘பரிட்டி செக்’ என்று திரையில் எழுதும். பழுதைத் திருத்தத் தெரியாது, ஆனால் பொய் சொல்லாது. தொண்ணூறுகளில் விலையைக் குறைக்கும் போட்டியில் அந்த ஒன்பதாவது பிட்டைக் கழற்றி எறிந்தார்கள். வீட்டுக்கு வாங்குகிற மெசின் ஊமையானது.

பழுதைக் கண்டுபிடித்துத் திருத்தவும் தெரிந்த ரேம் இருக்கிறது, ஈசிசி என்பார்கள். வங்கிகளும் பெரிய நிறுவனங்களும் வாங்குகிற சேர்வர்களில் அது சாதாரணம். வீட்டு மெசினுக்கு ஏன் இல்லை? லினக்ஸைத் தொடக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2021 ஜனவரியில் இதற்காக இன்டெல் நிறுவனத்தை வெளிப்படையாகவே கடிந்து எழுதினார். சாதாரணப் பாவனையாளரின் சிப்புகளில் ஈசிசியைக் கிடைக்காமல் வைத்து, அதை விலை கூடிய சேர்வர் பொருளாகப் பிரித்து விற்றதுதான் அவர் வைத்த குற்றச்சாட்டு. காசுள்ளவனின் தரவு பாதுகாக்கப்படும், இல்லாதவனின் தரவு அதிர்ஷ்டத்தை நம்பும். இதில் தொழில்நுட்பம் பாதி, வர்க்கம் பாதி.

ஈசிசி உள்ள மெசின்கள் தங்கட பிழைகளைக் கணக்கு வைக்கும் என்பதால், அவற்றை வைத்துத்தான் ரேம் எவ்வளவு தரம் பிழைக்கிறது என்று உலகத்துக்குத் தெரிய வந்தது. கூகுளின் சேர்வர்களை வைத்து ரொறொன்ரோ பல்கலைக்கழக ஆய்வாளரும் கூகுள்காரரும் சேர்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு வருசத்தில் நூற்றுக்கு எட்டுக்கு மேற்பட்ட ரேம் தட்டுகள் பிழை காட்டின என்று சொன்னது. அதைவிட முக்கியமான கண்டுபிடிப்பு ஒன்றும் அதில் இருக்கு. அதுவரை எல்லாரும் விண்வெளிக் கதிர் வந்து தற்செயலாக ஒரு பிட்டைப் புரட்டுகிறது என்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஆய்வோ பெரும்பாலான பிழைகள் வன்பொருள் பழுதால் வருபவை என்று காட்டியது. அதாவது அதே இடம் திரும்பத் திரும்பப் பிழைக்கிறது. தற்செயல் என்றால் சோதித்துப் பிரயோசனமில்லை. திரும்பத் திரும்ப வருகிற பழுது என்றால் சோதித்தால் பிடிபடும்.

அங்கேதான் மெம்டெஸ்ட் வருகிறது. தொண்ணூறுகளில் கிறிஸ் பிராடி என்பவர் மெம்டெஸ்ட்86 என்ற கருவியை எழுதிச் சுதந்திர உரிமத்தில் விட்டார். 2004இல் சாமுவேல் டெமெல்மீஸ்டர் அதிலிருந்து கிளை பிரித்து மெம்டெஸ்ட்86+ என்பதைக் கொண்டுவந்தார். பெயருக்குப் பின்னால் நிற்கிற அந்தக் கூட்டல் குறியை மறந்துவிடாதீர்கள், பிறகு தேவைப்படும்.

இந்தக் கருவியின் புத்திசாலித்தனம் எங்கே என்றால், அது இயங்குதளம் ஏறுவதற்கு முன்னரே ஓடும். விண்டோஸுக்குள்ளோ லினக்ஸுக்குள்ளோ இருந்துகொண்டு ரேமை முழுதாகச் சோதிக்க ஏலாது. ஏனென்றால் சோதிக்க வேண்டிய இடத்தின் ஒரு பங்கில் இயங்குதளமே குடியிருக்கு. குடியிருக்கிறவரை வெளியேற்றாமல் தரையை எப்படித் தோண்டிப் பார்க்கிறது? மெம்டெஸ்ட் தனியாக ஏறும், முழு ரேமையும் தன் கையில் எடுக்கும், கடைசியில் தான் குந்தியிருந்த இடத்தையும் விடாமல் வேறு இடத்துக்குத் தள்ளி இருந்துகொண்டு அதையும் சோதிக்கும். ஒரு வடிவத்தை எழுதும், வாசிக்கும், தலைகீழாக்கி எழுதும், மேலிருந்து கீழாக வாசிக்கும். இருபது இடத்துக்கு ஒன்றில் ஒரு மாதிரியும் மிச்சத்தில் நேர்மாறாகவும் எழுதிப் பார்க்கும். கடைசியில் எழுதிவிட்டுச் சில நிமிடம் சும்மா விட்டு, ஏற்றம் மங்கிப்போகிறதா என்றும் பார்க்கும். பழுது இருந்தால் சிவப்பில் முகவரியோடு எழுதும். அவ்வளவுதான். வட்டில் கை வைக்காது, உங்கட கோப்பு ஒன்றையும் தொடாது.

எப்படிக் காணாமல் போனது

உபுண்டுவின் பழைய சீடிகளைப் போட்டவர்களுக்கு அந்தப் பட்டியல் நினைவிருக்கும். நிறுவாமல் முயன்று பார், நிறுவு, சீடியைச் சரிபார், நினைவகத்தைச் சோதி. நாலாவதாக நின்றது மெம்டெஸ்ட். நிறுவின பிறகும் பூட் மெனுவின் அடியில் அது இருக்கும். எத்தனையோ பேர் அதைத் தற்செயலாக அமத்திப் பார்த்துத்தான் தங்கட ரேம் பழுது என்று அறிந்தார்கள்.

2012இல் விண்டோஸ் 8 வந்ததோடு மெசின்கள் பழைய பயோஸிலிருந்து யூஈஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறைக்கு மாறின. மெம்டெஸ்ட்86+ பழைய முறைக்கு எழுதப்பட்டது, புதியதில் ஓடாது. ஓடாத ஒன்றை மெனுவில் வைக்க முடியாது என்று வினியோகங்கள் அதைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டன. பழைய முறையில் நிறுவினால் மெனுவில் இருக்கும், புதிய முறையில் நிறுவினால் இருக்காது. ஏன் இல்லை என்று ஒரு வரி அறிவித்தல்கூட இல்லை.

இதற்கிடையில் 2013இல் பழைய மெம்டெஸ்ட்86, கூட்டல் குறி இல்லாதது, பாஸ்மார்க் என்ற நிறுவனத்தின் கைக்குப் போய் மூடிய மென்பொருளானது. யூஈஎஃப்ஐயில் ஓடும், நல்லாயும் வேலை செய்யும். ஆனால் மூலநிரல் எங்கட கையில் இல்லை. இலவசப் பதிப்பில் சோதனைச் சுற்றுக்கு எல்லை போட்டிருக்கு. சுதந்திர வினியோகம் ஒன்று தன்னோடு சேர்த்துக் கொடுக்க முடியாது. கூட்டல் குறி உள்ளதோ அதே 2013க்குப் பிறகு கன வருசம் அசையாமல் கிடந்தது. மார்ட்டின் விட்டேக்கர் என்ற நிரலாளர் பீசிமெம்டெஸ்ட் என்ற பெயரில் பழைய நிரலைப் புதிதாக்கி எழுதினார். அதை அடித்தளமாக வைத்து 2022இல் மெம்டெஸ்ட்86+ இன் 6.00 பதிப்பு வந்தது, யூஈஎஃப்ஐ ஆதரவோடு, முழுச் சுதந்திர உரிமத்தில். 2023இல் வந்த டெபியன் 12 இல் அந்த வரிசைப் பதிப்பு சேர்ந்துவிட்டது. உபுண்டுவிலும் வந்துவிட்டது.

பத்து வருசம். உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான மெசின் பாவிக்கிற மென்பொருள் குடும்பத்தில், பழுது கண்டுபிடிக்கிற கருவி பத்து வருசம் இல்லாமல் கிடந்தது, விரல்விட்டு எண்ணக்கூடிய ஆக்கள் தங்கட நேரத்தைப் போட்டுத் திருத்தும் வரைக்கும். திரைப்பின்னணியும் ஐகன் வட்டமோ சதுரமோ என்பதும் இந்தப் பத்து வருசத்தில் எத்தனை தரம் மாறியிருக்கும்?

இதைவிட வெட்கக்கேடு ஒன்று இருக்கு. நாங்கள் மூடிய மென்பொருள் என்று திட்டுகிற விண்டோஸ், 2007இல் வந்த விஸ்டாவிலிருந்து தன் பூட் மெனுவில் நினைவகச் சோதனையைக் கூடவே வைத்துக்கொண்டிருக்கிறது. யூஈஎஃப்ஐ வந்தும் எடுக்கவில்லை. மெம்டெஸ்ட் அளவுக்கு ஆழமாகச் சோதிக்காது என்று குறை சொல்லலாம். ஆனால் இருக்கிறது.

திரும்ப வைக்க என்ன செய்யவேணும்

டெபியன், உபுண்டு, மிண்ட் குடும்பம் என்றால் பொதி மேலாளரில் மெம்டெஸ்ட்86+ என்று தேடி நிறுவினாலே போதும். பொதிக்குள் ஒரு சின்ன எழுத்துரு நிரல் இருக்கும். அது கருவியைப் பூட் அடைவுக்குள் கண்டுபிடித்துக் கிரப் மெனுவில் தானே ஒரு வரி சேர்க்கும். ஃபெடோரா, ஆர்ச் என்றால் ஓரிரண்டு படி கூட. எப்படிப் பார்த்தாலும் ஒரு பிளேன்ரீ குடித்து முடிக்கிற நேரம் காணும். பொதியின் பதிப்பு 6க்கு மேலோ என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்குக் கீழே என்றால் யூஈஎஃப்ஐயில் வேலைக்காகாது.

ஆனால் வரி சேர்ந்தால் மட்டும் காணாது. இங்கேதான் என் இரண்டாவது சண்டை. உபுண்டுவும் அதன் வழி வந்தவையும், மெசினில் வேறு இயங்குதளம் இல்லை என்றால் மெனுவையே ஒளித்துவிடுகின்றன. காத்திருக்கும் நேரம் பூச்சியம். மெசின் ஏறும்போது சரியான கணத்தில் எஸ்கேப் அல்லது ஷிஃப்ட் விசையை அமத்தினால்தான் தரிசனம். ஒளித்து வைத்த தீயணைப்புக் கருவியை வைத்து என்ன செய்கிறது? கிரப்பின் அமைப்புக் கோப்பில் ‘ஹிடன்’ என்று இருப்பதை ‘மெனு’ என்று மாற்றி, நேரத்தை 5 செக்கன் ஆக்கி, அப்டேட்-கிரப் கட்டளையை ஒருக்கா ஓட்டுங்கள்.

மூன்றாவது தடை செக்கியூர் பூட். கையொப்பமில்லாத எதையும் ஏற விடாத காவல் அது. எங்கட மெசின்களில் அந்தக் காவலின் திறப்பு பெரும்பாலும் மைக்ரோசொஃப்டிடம்தான். பல வினியோகங்களில் மெம்டெஸ்ட்86+ கையொப்பம் இல்லாமலே வருகிறது. மெனுவில் வரி இருக்கும், அமத்தினால் பிழைச்செய்தி வரும். அந்தச் செய்தியைப் பார்த்துப் பயப்படவேண்டாம், மெசின் பழுதில்லை. அமைப்புக்குள் போய்ச் செக்கியூர் பூட்டை நிறுத்தி, சோதித்து முடிந்ததும் திரும்பப் போடலாம். விண்டோஸும் சேர்ந்து இருக்கிற மெசினில் வட்டு மறைகுறியாக்கம் போட்டிருந்தால் முதலில் மீட்புத் திறப்பைக் குறித்து வையுங்கள், இல்லாட்டில் விண்டோஸ் அதைக் கேட்டுக்கொண்டு வாசலில் நிற்கும். இந்த அலைச்சல் எல்லாம் பாவனையாளரின் தலையில் ஏன்? மற்ற எல்லாவற்றுக்கும் கையொப்பம் எடுக்கத் தெரிந்த பெரிய வினியோகங்களுக்கு இதற்கு மட்டும் ஏன் ஏலாமல் போனது?

சொல்கிற சாட்டுகள்

“சாதாரண ஆக்களுக்கு உது தேவையில்லை, மெனுவைப் பார்த்தால் குழம்பிவிடுவினம்.” எனக்கு இந்தக் கதை கேட்டால் உச்சி கொதிக்கும். குழம்புகிறது மெனுவைப் பார்த்தில்லை, காரணமே தெரியாமல் மெசின் செத்துச் செத்துப் பிழைக்கும்போதுதான். சோறு அவிக்கத் தெரிந்த ஒரு பிள்ளைக்கு ‘நினைவகச் சோதனை’ என்ற இரண்டு சொல்லு விளங்காதா? விளங்காது என்று முடிவெடுத்தவர்கள் எங்களைக் கேட்டு எடுக்கவில்லை.

“தேவையென்றால் நிறுவலாம்தானே.” எப்ப நிறுவுகிறது? ரேம் பழுதான மெசினில் புதுப் பொதி ஒன்றை இறக்கி, விரித்து, வட்டில் எழுதி, பூட் அமைப்பை மாற்றுவது எவ்வளவு பாதுகாப்பு என்று யோசியுங்கள். பழுது வந்த பிறகு நிறுவுகிற வேலையில்லை இது. முதலுதவிப் பெட்டியைக் காயம் பட்ட பிறகு கடைக்குப் போய் வாங்குகிறதில்லை.

“மணித்தியாலக் கணக்கில் எடுக்கும்.” எடுக்கும். இரவு போட்டுவிட்டுப் படுங்கள். ஒரு முழுச் சுற்றாவது ஓடவேணும், மூன்று நாலு ஓடினால் இன்னும் நல்லம். ஃபோர்மட் அடித்து, எல்லா மென்பொருளும் திரும்பப் போட்டு, கோப்பெல்லாம் தேடி எடுக்கிறதுக்கு எத்தனை மணித்தியாலம் போகிறது?

“சோதனை தப்பில்லை என்று சொன்னாலும் ரேம் பழுதாக இருக்கலாம்.” உண்மை. வெளுப்பாக வந்தது என்பதற்காக ரேமுக்கு நற்சான்றிதழ் கிடைத்துவிட்டதாக நினைக்கக்கூடாது. சிவப்பு வந்தாலும் குற்றவாளி ரேம் தட்டுத்தான் என்று உடனே தீர்ப்பெழுத ஏலாது. தாய்ப்பலகையின் துவாரமாக இருக்கலாம், மின்வழங்கியாக இருக்கலாம், கேமிங் மெசினில் ரேமின் வேகத்தைக் கூட்டி வைத்ததாகவும் இருக்கலாம். ஒரு தட்டைக் கழற்றி மற்றதைச் சோதியுங்கள், துவாரத்தை மாற்றுங்கள், வேகத்தை வழமைக்குக் கொண்டுவாருங்கள். ஆனால் ஒன்று நிச்சயம்: ஒரு சிவப்பு வரி வந்தாலும் அந்த மெசின் அந்த நிலையில் நம்பத்தக்கதில்லை. “ஒன்றுதானே” என்று விடக்கூடாது.

“தெரிஞ்சு என்ன, புது ரேம் வாங்கக் காசில்லை.” இதுதான் ஒரேயொரு நியாயமான கேள்வி. அதற்கும் பதில் இருக்கு. இரண்டு தட்டில் ஒன்று மட்டும் பழுது என்றால் அதைக் கழற்றிவிட்டு மற்றதோடு மெதுவாக ஓடலாம். கழற்ற ஏலாமல் பலகையோடு பற்றவைத்த ரேம் என்றால், மெம்டெஸ்ட் சொல்கிற பழுதான முகவரிப் பகுதியைப் பாவிக்காதே என்று லினக்ஸ் கருவுக்கு ‘மெம்மாப்’ என்ற தொடக்க அளவுருவால் சொல்லலாம். நிரந்தர மருந்தில்லை, பழுது பரவலாம். ஆனால் எறிய வேண்டிய மெசின் ஒன்று இன்னும் கொஞ்சக் காலம் ஓடும். இதுவும் முகவரி தெரிந்தால்தான் முடியும். முகவரி சோதித்தால்தான் தெரியும்.

எங்கட மேசையில்

இதை ஏன் இங்கே, எங்கட வாசகருக்குச் சொல்கிறேன்? 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவைச் சுற்றி நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தாண்டியதை மறந்திருக்கமாட்டீர்கள். அதற்குப் பிறகு புது லப்டொப் என்பது பலருக்குக் கனவு. பாவித்த மெசின், சொந்தக்காரர் கனடாவிலிருந்து கொண்டுவந்து தந்த மெசின், ஒபிஸ் ஒன்று கழித்துவிட்ட மெசின், இரண்டு பழசைக் கழற்றிச் சேர்த்த மெசின், இவைதான் எங்கட கையில். பழைய மெசினுக்கு லினக்ஸ் நல்லது என்று நாங்களே சொல்லிப் போட்டும் கொடுக்கிறோம். அப்படியென்றால் பொறுப்பும் எங்களுக்கு இருக்கு. ரேம் சோதிக்காமல் ஒரு மாணவிக்கு மெசின் கொடுத்து, அவளின் பரீட்சை வேலை அழிந்தால், லினக்ஸ் சரியில்லை என்று அவள் சொல்வதில் என்ன பிழை? நாங்கள்தானே அப்படி நம்ப வைத்தோம்.

இன்னொன்று, எழுத்து. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தைப் பார்த்து, வீட்டில் கிடக்கிற பழைய சஞ்சிகையையும் அம்மம்மாவின் கதையையும் பதிந்து வைக்கவேணும் என்று ஆசைப்படுகிறவர்கள் எங்களுக்குள் கன பேர். நல்ல ஆசை. மூன்று பிரதி எடு, இரண்டு இடத்தில் வை, சரிபார்ப்புத் தொகை கணக்கிடு என்று எல்லாரும் சொல்லித் தருவார்கள். ஆனால் ஸ்கானரிலிருந்தோ ஃபோனிலிருந்தோ வருகிற கோப்பு வட்டுக்குப் போக முதல் ரேம் வழியாகத்தான் போகும். அங்கேயே ஒரு பிட் சறுக்கினால் மூன்று பிரதியும் ஒரே மாதிரிப் பிழைத்திருக்கும், சரிபார்ப்புத் தொகையும் அந்தப் பிழைக்குத்தான் முத்திரை குத்தும். 1983 என்று பாட்டி சொன்னது 1987 என்று மூன்று இடத்தில் பத்திரமாக இருக்கும்.

ஆகவே கேட்கிறது இவ்வளவுதான்.

லினக்ஸ் நிறுவிக் கொடுக்கிற எங்கட ஆக்களிடம்: நிறுவ முதல் ஒரு இரவு மெம்டெஸ்ட் ஓடவிடுங்கள். நிறுவின பிறகு மெனுவில் அது இருக்கோ, மெனு தெரியுதோ என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். கொடுக்கிற ஆளுக்கு அந்த வரியைக் காட்டி, எதற்கு என்று ஒரு நிமிடம் சொல்லுங்கள்.

பாவித்த மெசின் வாங்குகிறவர்களிடம்: யூஎஸ்பி ஒன்றில் மெம்டெஸ்ட்86+ போட்டுக்கொண்டு போங்கள். ஒரு மெகாபைட்கூட வராத சாமான். “ஒருக்காப் போட்டுப் பார்க்கட்டோ அண்ணை?” என்று கேளுங்கள். நல்ல கடைக்காரர் விடுவார். விடாதவரிடம் வாங்கவேண்டாம்.

திருத்துகிற கடை நடத்துகிற அண்ணைமாரிடம்: ஃபோர்மட்டுக்குக் காசு வாங்க முதல் இதை ஓடவிடுங்கோ. அதற்கும் கூலி வாங்குங்கோ, தருவம். காரணம் சொல்லி வாங்குகிற காசுக்கு ஆக்கள் திரும்பி வருவினம்.

வினியோகங்களைச் செய்கிறவர்களிடம்: இயல்பிருப்பாக நிறுவுங்கள், கையொப்பமிட்டுத் தாருங்கள், மெனுவை ஒளிக்காதீர்கள். தமிழ் இடைமுக மொழிபெயர்ப்பில் வேலை செய்கிற நண்பர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். பொதியில் வழுப்பதிவு செய்யவும் தெரியும். செய்வம். ஒரு ஆள் கேட்டால் ‘ஒருத்தருக்கும் தேவையில்லை’ என்பார்கள், இருபது பேர் கேட்டால் பார்ப்பார்கள்.

சுதந்திர மென்பொருள் என்று மேடை போட்டுக் கதைக்கும்போது மூலநிரல், உரிமம், பகிர்வு என்று பெரிய சொல்லெல்லாம் வரும். எனக்கு அதில் மிகச் சின்னது வேணும். என் மேசையில் இருக்கிற பெட்டிக்கு என்ன வருத்தம் என்று நானே கேட்டுத் தெரிந்துகொள்கிற வசதி. ஒரு மெனு, அதில் ஒரு வரி, ஐந்து செக்கன். இன்றிரவு படுக்க முதல் உங்கட மெசினை ஒருக்கா நிப்பாட்டித் திரும்பப் போட்டு, அந்த வரி இருக்கோ என்று பாருங்கோ.